திரும்பி வராத நீ

ஆங்கிலப் படிவத்தில் 17 இடத்தில் 'யூ' இருந்தது. பென்சிலால் ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட்டேன். முதல் வட்டத்துக்கு மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வேலூரில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. மருத்துவம் சார்ந்த தாள்கள்தான் அதிகம் வரும். சர்க்கரை நோய்க்காரர்களுக்கான சிறு கையேடு, ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்கும் படிவம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள், இப்படி. அந்த முறை வந்தது, ஒரு மருத்துவ ஆய்வில் சேரும் பிள்ளைகளிடம் சம்மதம் கேட்கும் தாள். பெற்றோர் கையெழுத்துப் போடும் தாள் தனியாக இருந்தது. இதைப் பிள்ளையே படித்துப் பார்த்து, தன் கையால் எழுதித் தர வேண்டும்.

முதலில் எல்லா இடத்திலும் 'நீங்கள்' போட்டேன். சம்மதம் கேட்கிறோம், மரியாதையாகக் கேட்போம் என்று நினைத்தேன். நாலைந்து பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது, குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த 13 வயதுப் பையன் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினான். "நீங்கள் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்" என்ற வரி. "நீங்கள்னா யாரு சார்? நானும் எங்கம்மாவுமா?" என்று கேட்டான்.

அவன் கேள்வி நியாயமானது. அவனிடம் யாரும் அதுவரை 'நீங்கள்' என்று பேசியதில்லை. அவன் காதில் அந்தச் சொல்லுக்குப் பன்மை என்பது மட்டும்தான் பொருள். அவனுக்கு மட்டுமே உரிய ஒரு முடிவை நான் குடும்பத்துக்கே பங்கு வைத்துவிட்டேன். சரி என்று எல்லாவற்றையும் 'நீ' ஆக்கினேன். அடுத்த வாரம் 16 வயதுப் பெண் ஒருத்தி படித்தாள். முழுவதும் படித்து முடித்து, தாளை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரி பேப்பர்லயும் நீ வா போ தானா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பழகிப்போன குரலில் சொன்னாள். அதுதான் எனக்கு உறைத்தது.

கடைசியில் முடிந்த இடத்திலெல்லாம் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டேன். "விருப்பம் இல்லையென்றால் விலகிக்கொள்ளலாம்." தமிழில் அது முடியும். ஆங்கிலத்தில் அந்த மாதிரி நழுவ இடம் குறைவு. ஆனால் நழுவியது நழுவியதுதான். அன்றைக்கு ஆரம்பித்த யோசனை பல வருஷமாக விடவில்லை.

'இங்கிலீஷ்ல மரியாதையே கிடையாது, அப்பனையும் யூ, நாயையும் யூ' என்று நம் ஊரில் சொல்வார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். உண்மை நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் காணாமல் போனது 'நீங்கள்' இல்லை. காணாமல் போனது 'நீ'.

பழைய ஆங்கிலத்தில் ஒருவரைக் கூப்பிட 'தூ' என்று ஒரு சொல் இருந்தது. பிறகு அது 'தௌ' ஆயிற்று. பலரைக் கூப்பிட 'யீ'. அந்த 'யீ'யின் 'உங்களை' என்ற வேற்றுமை வடிவம்தான் 'யூ'. ஏறக்குறைய 13ஆம் நூற்றாண்டிலிருந்து, பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து, மேலிடத்தில் இருக்கும் ஒற்றை ஆளையும் பன்மையால் கூப்பிடும் பழக்கம் இங்கிலாந்தில் பரவியது. ராஜாவுக்கு, பிரபுவுக்கு, அப்பாவுக்கு 'யூ'. வேலைக்காரனுக்கு, குழந்தைக்கு, நெருங்கிய நண்பனுக்கு 'தௌ'. நம்முடைய நீங்கள்-நீ கணக்கேதான். 'யூ ஆர்' என்று இன்றும் பன்மை வினை போடுவது அந்தக் காலத்தின் மிச்சம்.

யாரிடம் எதைச் சொன்னால் வம்பு என்ற கணக்கும் நம்முடையது போலவே இருந்தது. 1603இல் சர் வால்டர் ராலேமீது ராஜதுரோக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், நடுக் கோர்ட்டில் ராலேயைப் பார்த்து, துரோகி, உன்னை நான் 'தௌ' என்றுதான் கூப்பிடுவேன் என்று கத்தினார். 'தௌ' என்ற பெயர்ச்சொல்லையே வினையாக்கித் திட்டினார். நம் செய்தித்தாள்களில் "ஒருமையில் பேசியதால் வாக்குவாதம்" என்று வருமே, அதே விஷயம்.

அதே நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற சமயப் போதகரின் பின்னால் ஒரு கூட்டம் சேர்ந்தது. குவேக்கர்கள் என்று பெயர். கடவுளுக்கு முன்னால் எல்லாரும் ஒன்று, ஆகவே ஒரு ஆளை ஒருமையில்தான் கூப்பிடுவோம் என்று நீதிபதி, பிரபு எல்லாரையும் 'தௌ' என்றார்கள். தொப்பியையும் கழற்ற மாட்டார்கள். அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். ஊர் அந்தப் பக்கம் போகவில்லை. யார் என்ன அந்தஸ்து என்று தெரியாத நகரங்கள் வளர வளர, எதற்கு வம்பு என்று எதிரே வருகிற எல்லாருக்கும் 'யூ' கொடுத்துவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் 'தௌ' பொதுப் பேச்சிலிருந்து கிட்டத்தட்டப் போய்விட்டது. யார்க்‌ஷயர் மாதிரி சில பகுதிகளின் வட்டாரப் பேச்சில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆக, ஆங்கிலேயன் தன் நாயையும் 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுகிறான். நாலாம் வகுப்பில் எங்களுக்கு 'யூ என்றால் நீ' என்று சொல்லிக்கொடுத்தார்கள். 'நீங்கள்' என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் குடியாத்தம் பையன் கேட்ட கேள்வி ஆங்கிலத்துக்கும் இருக்கிறது. பன்மையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், பலரை எப்படிக் கூப்பிடுவது? அமெரிக்காவின் தெற்கில் 'யூ'வோடு 'ஆல்' சேர்த்து 'யால்' என்கிறார்கள். அயர்லாந்தில் 'யூஸ்' என்று இன்னொரு பன்மை ஒட்டு. நாம் என்ன செய்கிறோம்? 'நீங்க எல்லாரும்', 'நீங்கள்லாம்'. ஒரே வழி. அதற்கு முன்னால் இன்னொரு முறையும் இதையே செய்திருக்கிறோம். 'நீர்' என்பது பன்மையாக இருந்த சொல். அது மரியாதைக்காக ஒருவருக்குப் போனது. பன்மைக்கு ஆள் இல்லாமல் 'கள்' ஒட்டி 'நீங்கள்' வந்தது. பிறகு 'நீங்கள்' என்பதும் மரியாதைக்குப் போய்விட்டது. இப்போது 'எல்லாரும்' வந்து நிற்கிறது. மரியாதை என்பது எப்போதும் பன்மையிடம்தான் கடன் வாங்குகிறது.

தொல்காப்பியர் இதைக் கவனித்திருக்கிறார். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல், ஆனால் அது இலக்கண நெறி அல்ல என்கிறது சொல்லதிகாரம். உலகத்தில் இப்படிப் பேசுகிறார்கள், இலக்கணப்படி அது பன்மைதான் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். சங்கப் புலவர்களோ அரசனையே 'நீ' என்று பாடினார்கள். யானை மேல் வருகிறவனிடம் நின்றுகொண்டு 'நின் நாடு' என்கிறார்கள். அவன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பரிசில் கொடுத்திருக்கிறான்.

எங்கள் ஆயாவும் அந்தப் புலவர்கள் கட்சி. பாலாற்றங்கரையில் பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்துக் கிராமம். அவருக்கு 'நீங்க' என்ற சொல் வாயில் வராது. மகனுக்கு நீ, மருமகனுக்கு நீ, பஸ் கண்டக்டருக்கு நீ. வட ஆற்காட்டுப் பேச்சே கொஞ்சம் அப்படித்தான். அம்மா அப்பாவைப் பிள்ளைகள் 'நீ' என்பது இங்கே சாதாரணம். "இன்னா நைனா, நல்லா கீறியா?" என்று வயசானவர் கேட்டால் அதில் குறைச்சல் எதுவும் கிடையாது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் காதில் விழுவது சொல். அந்தச் சொல்லுக்குள் ஆயா வைத்து அனுப்பியது விழவில்லை.

ஆயாவுக்குக் கண்ணில் புரை எடுக்க டவுனுக்குக் கூட்டிவந்தோம். இளம் டாக்டர். கண்ணில் லைட் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆயா ஆரம்பித்துவிட்டார். "நீ எந்த ஊரு நைனா? கல்யாணம் ஆயிடுச்சா உனுக்கு?" பக்கத்தில் நின்ற எங்கள் அத்தை பதறி, ஆயாவின் தோளை அமுக்கினார். டாக்டர் சிரித்துக்கொண்டே, "இன்னும் ஆகல பாட்டி, நீங்க அசையாம இருங்க" என்றார். ஆயா நிம்மதியாக அசையாமல் இருந்தார். அறையில் இருந்த எல்லாருக்கும் அது இதமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, முதியோர் பென்ஷன் விஷயமாக ஆயாவை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். கவுண்டருக்குள் இருந்தவருக்கு முப்பது வயதிருக்கும். நிமிர்ந்து பார்க்காமலே, "உனுக்கு இன்னா வேணும்? அப்பால போய் நில்லு" என்றார். நான் வாய் திறப்பதற்குள் ஆயா பேசினார். "இல்லீங்க சார். கையெழுத்துக்கு வரச் சொன்னீங்க, அதான் வந்தேங்க."

என் வாழ்க்கையில் ஆயா வாயிலிருந்து 'ங்க' கேட்டது அன்றுதான். அத்தனை நாள் அந்தச் சொல் அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது. எப்போது தேவை என்றும் தெரிந்திருக்கிறது. வெயிலில் வீட்டுக்குத் திரும்பும்போது நான் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆயா ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் அறையில் கேட்ட 'நீ'யும் இந்தக் கவுண்டரில் கேட்ட 'நீ'யும் ஒரே எழுத்து. நான் பல நாள் யோசித்துக் கண்ட வித்தியாசம் ஒன்றுதான். திரும்பிப் போக முடியுமா முடியாதா என்பது. ஆயா டாக்டரை நீ என்றார். டாக்டருடைய சொந்தப் பாட்டியும் அவரை நீ என்றுதான் சொல்வார். அவருக்கும் ஒருநாள் வயதாகும், அப்போது அவரும் யாரையாவது நீ என்பார். வயசு வழியாக வருகிற நீ கைமாறிக்கொண்டே போகிறது. கவுண்டரில் வந்த நீ அப்படிக் கைமாறாது. ஆயா அதை அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால் பென்ஷன் தாள் நகர்ந்திருக்காது. ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இரண்டு பேர் 1960இல் ஐரோப்பிய மொழிகளை வைத்து எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துப் பேசுவது. ஒரு பக்கம் 'நீ', மறு பக்கம் 'நீங்கள்' என்று போனால் அது அதிகாரம். இரண்டு பக்கமும் ஒரே சொல் போனால் அது உறவு. அதிகாரத்தின் இடத்தை உறவு மெல்ல மெல்லப் பிடிக்கிறது என்பது அவர்கள் கண்டது. அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கவுண்டர்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

கொங்குப் பக்கம் போனால் இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய விடை இருக்கிறது. குழந்தையைக்கூட 'வாங்க கண்ணு, சாப்பிடுங்க' என்பார்கள். முதன்முதலில் கோயம்புத்தூரில் ஒரு பேக்கரியில் கடைப் பையனைப் பார்த்து முதலாளி 'எடுத்துட்டு வாங்க தம்பி' என்றதைக் கேட்டு நான் அசந்துபோனேன். ஈரோட்டுக்காரரான பெரியார் சின்னப் பிள்ளைகளையும் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் 1973 டிசம்பர் 24 அன்று காலமானது எங்கள் ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில். அந்தக் கட்டடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அவருடைய மற்ற எதையும்விட இந்த 'ங்க'தான் ஞாபகம் வரும். குவேக்கர்கள் எல்லாரையும் 'நீ'க்கு இறக்கினார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களும் 1793இல் அதையே செய்யப் பார்த்தார்கள், 'வூ' வேண்டாம், எல்லாருக்கும் 'த்யு' என்று. பெரியார் எல்லாரையும் 'நீங்க'வுக்கு ஏற்றினார். நம் ஊருக்கு அவர் வழிதான் சரி என்பது என் எண்ணம். இங்கே 'நீ'யும் 'டா'வும் நூற்றாண்டுக் கணக்கில் யார் தலைமேல் விழுந்துகொண்டிருந்தன என்று தெரிந்தால், அவர்களைப் பார்த்து 'வாருங்கள், எல்லாரும் நீயாகிவிடுவோம்' என்று சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. வேர்க்கடலை, தண்ணீர் இருந்த வருஷங்களில் கரும்பு. காலனியிலிருந்து ஒருவர் எங்கள் நிலத்தில் வேலை செய்தார். அப்பாவைவிடப் பெரியவர். அவர் பெயரை எழுத மனம் வரவில்லை, ஏனென்றால் நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட முறை அப்படி. எட்டு ஒன்பது வயதில், வரப்பின் மேல் நின்றுகொண்டு, அவர் பெயரை முழுக்கத் தொண்டையால் கத்தி, 'அப்பா உன்ன வரச் சொன்னாரு' என்பேன். எனக்குத் தெரிந்த எல்லாப் பெரியவர்களுக்கும் மாமா, சித்தப்பா, தாத்தா என்று ஒரு முறை இருந்தது. அவருக்கு மட்டும் பெயர் இருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டது 'சின்ன ஆண்டே'. கீரை பிடுங்கிக் கொடுத்தாலும், கிணற்றில் நீச்சல் கற்றுக்கொடுத்தபோது இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாலும் 'காலை ஒதைங்க சின்ன ஆண்டே' என்பார். நீச்சல் கற்றுக்கொடுக்கிறவர் அப்படிப் பேசுவது விசித்திரமாக எனக்கு அன்றைக்குப் படவில்லை. உலகம் அப்படித்தான் என்று இருந்தேன்.

ஆண்டை. ஆள்கிறவன். ஆண்டவன் என்ற சொல்லும் அதே வேரில் வருவது. வேலூர்க் கோட்டைக்குள் போய்ப் பார்த்தால் ஜலகண்டேசுவரர் கோயில் இருக்கிறது, மசூதி இருக்கிறது, 1846இல் கட்டிய சர்ச் இருக்கிறது. ஜலகண்டேசுவரர் முன்னால் நிற்கிறவர் 'நீதாம்ப்பா காப்பாத்தணும்' என்கிறார். அரபுத் தொழுகையில் இறைவனை விளிப்பது ஒருமையில். உருதுவில் துஆ கேட்கிற என் நண்பன் அல்லாவை 'தூ' என்கிறான். பழைய ஆங்கில வேதாகமத்தில் கடவுள் 'தௌ'. அது பெரிய மரியாதைச் சொல் என்று ஆங்கிலம் பேசுகிறவர்களிலேயே பலர் நினைக்கிறார்கள். சர்ச்சில் மட்டும் கேட்டதால் வந்த எண்ணம் அது. 1611இல் வந்த அந்த மொழிபெயர்ப்பில் 'தௌ' என்பது வெறும் ஒருமைதான், மனிதனுக்கும் அதே, மாட்டுக்கும் அதே. தமிழ்க் கிறிஸ்தவர்கள் மட்டும் 'உம்முடைய நாமம்' என்று 'நீர்' போடுகிறார்கள். வேலூர்த் தெருவில் யார் வாயிலும் இல்லாத அந்தச் சொல் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் உயிரோடு இருக்கிறது. வங்காளத்தில் காளியைத் தாயாகப் பாடும் பாடல்களில் இருப்பதிலேயே கீழான 'துய்' வரும்.

ஆண்டவனை நீ என்று கூப்பிடலாம். ஆண்டையைக் கூப்பிட முடியாது.

வங்காளம் எங்கள் ஊருக்குத் தூரம் இல்லை. சி.எம்.சி.க்கு எதிர்ச் சாரியில் இறங்கி பாபு ராவ் தெருப் பக்கம் நடந்தால் பெயர்ப்பலகைகளில் தமிழைவிட வங்காளம் கண்ணில் படும். கொல்கத்தா, அஸ்ஸாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வைத்தியத்துக்கு வந்து, மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கி, சின்ன ஸ்டவ்வில் மீன் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள். லாட்ஜ் பையன்கள், ஆட்டோக்காரர்கள், மெஸ் நடத்துகிறவர்கள் எல்லாரும் கேட்டுக் கேட்டே இந்தியும் வங்காளமும் பேசுகிறார்கள். இலக்கணப் புத்தகம் எதுவும் தொடாமல் கற்றுக்கொண்ட மொழி. எனக்கு அவர்கள்மேல் பெரிய மதிப்பு உண்டு.

வங்காளத்தில் மூன்று படி. ஆப்னி, துமி, துய். உட்காருங்கள் என்பதற்கு 'பொஷுன்', உட்காரு என்பதற்கு 'பொஷோ', உட்கார்டா என்பதற்கு 'போஷ்'. தெரிந்த லாட்ஜ் பையன் ஒருவன் வந்தவர்கள் எல்லாரையும் 'பொஷோ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான், காரணம் அவன் அதைக் கற்றது, ஒரு தாய் தன் மகனைப் பார்த்துச் சொன்னதிலிருந்து. ஒருநாள் புற்றுநோய்க்கு வந்திருந்த ஒரு பள்ளித் தலைமையாசிரியர் அவனைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, மூன்றையும் தாளில் எழுதிக்கொடுத்தார். கோபமில்லாமல், வாத்தியார் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித்தருகிற மாதிரி. அதோடு, இனிமேல் எல்லாரையும் ஆப்னி சொல், என்னை மட்டும் துமி என்றே சொல் என்றாராம். அந்தப் பையன் இதை என்னிடம் சொல்லும்போது அவர் ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் ஆகியிருந்தது. தாளைப் பர்சில் வைத்திருந்தான்.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று பொறி தட்டியது. இந்தியின் 'ஆப்', வங்காளத்தின் 'ஆப்னி' இரண்டும் 'ஆத்மன்' என்ற வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. 'தான்' என்று பொருள். நம்முடைய 'தாங்கள்' எங்கிருந்து வந்தது? தான், தாம், தாங்கள். மலையாளத்தின் 'தாங்கள்', தெலுங்கின் 'தமரு' எல்லாம் அதே. இரண்டு வேறு மொழிக்குடும்பங்கள் மரியாதைக்கு ஒரு சொல் தேடிப் போய், இரண்டும் 'தான்' என்பதில் வந்து நின்றிருக்கின்றன. 'நீ' என்று சொன்னால் விரல் நீட்டுகிற மாதிரி இருக்கிறது. 'தாங்கள்' என்றால் விரலை மடக்கிக்கொண்டு, உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த ஆளிடமே விட்டுவிடுகிறோம். இதைக் கண்டதும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்தப் பையனிடமே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வங்காளமும் தமிழும் ஒண்ணா யோசிக்குதா சார்" என்றான்.

சுவீடனைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அதுவும் ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டது. அங்கே ஒரு காலத்தில் மேலதிகாரியை எந்தச் சொல்லாலும் நேராக விளிக்க மாட்டார்கள். 'டாக்டர் காபி சாப்பிடுவாரா?' என்று அவரிடமே படர்க்கையில் கேட்பார்கள். 1967இல் அந்நாட்டு மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த புரூர் ரெக்செட், ஊழியர்கள் எல்லாரையும் 'டூ' என்றே கூப்பிடப்போகிறேன், என்னையும் அப்படியே கூப்பிடுங்கள் என்று அறிவித்தார். 'டூ' என்றால் நீ. ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த நாடு, சில வருஷத்தில் முழுக்கவே மாறியது. தண்டுவடத்தின் சாம்பல்நிறப் பகுதியை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டியவரும் இதே ரெக்செட்தான். மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் அந்த அடுக்குகளை இன்றைக்கும் அவர் பெயரில் மனப்பாடம் செய்கிறார்கள். 'என்னையும்' என்று அவர் சொன்னதுதான் முக்கியம். மேலே இருந்தவர் முதலில் தன் கதவைத் திறந்தார். கீழே இருப்பவர் முதலில் தட்ட முடியாது.

நான் அந்தக் கதவைத் திறக்கப் பல வருஷம் ஆனது. காலேஜ் படிக்கும்போதுதான், எங்கள் நிலத்தில் வேலை செய்த அந்தப் பெரியவரை முதன்முதலாக 'நீங்க' என்றேன். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, 'நல்லா இருக்கீங்களா?' என்று. அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கேட்கிறேன் என்று. பிறகு, "இன்னா சின்ன ஆண்டே, புதுசா கீது" என்று சொல்லிச் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். அவரைப் 'பெரியப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தேன். அது அவருக்கு அதைவிடச் சங்கடம். அப்பா அந்த வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் விடவில்லை, ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டேன். நான் என் பக்கத்துச் சொல்லை மட்டும்தான் மாற்ற முடியும். அவர் வாயில் அறுபது வருஷமாக ஊறிய 'ஆண்டே'வை எடு என்று நான் சொன்னால், அதுவும் ஒரு கட்டளைதானே. நிலத்தை விற்று, நாங்கள் டவுனுக்கு வந்து, அப்பா இறந்து, எல்லாம் ஆனது. 'ஆண்டே' மெல்லத் தேய்ந்து 'சின்னவரே' ஆயிற்று. 'நீ' என்று அவர் என்னை ஒருமுறையும் சொல்லவில்லை. பெயர் சொன்னதில்லை. 'வந்தாச்சா?', 'சாப்பிட்டாச்சா?', 'எப்ப பொறப்பாடு?' என்று ஆள் இல்லாத வினைகளாகவே பேசுவார். படிவத்தில் நான் செய்த அதே வேலையை அவர் வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தார்.

போன வருஷம் காலில் ஆறாத புண் என்று அவர் பேரன் போன் செய்தான். காட்டலாம், கூட்டிவா என்றேன். பேரன் பஸ் ஏற்றிவிட, நான் பழைய பஸ் ஸ்டாண்டில் போய்க் கூட்டிக்கொண்டேன். எண்பது தாண்டியாயிற்று, கையில் மஞ்சள் பை. ஆற்காடு ரோட்டைக் கடக்க வேண்டும். அந்த ரோட்டைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், காலை பத்து மணிக்கு ஆம்புலன்சும் ஆட்டோவும் பஸ்சும் ஒன்றன்மேல் ஒன்று வந்துகொண்டிருக்கும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் பார்த்துக்கொண்டே நான் காலை எடுத்து வைத்தேன்.

"டேய், டேய்! எங்கடா பாக்கற நீ? பஸ்சு வருது!"

சட்டையைக் கொத்தாகப் பிடித்து என்னைப் பின்னால் இழுத்துவிட்டார். பஸ் எங்களை உரசுகிற மாதிரி போனது. அந்தக் கையில் கிணற்றுக் கயிறு பிடித்த அதே பலம் இருந்தது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஓரமாக நின்றோம். அவர் என் சட்டையை விட்டுவிட்டு, கசங்கிய இடத்தைக் கையால் நீவிவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. எதிரே டீக்கடை இருந்தது.

"டீ சாப்பிடலாமா, பெரியப்பா?"

"சாப்புடலாம்" என்றார்.